கொழும்புப் பாடசாலையில் வாணி விழா: திகதி குறிப்பதிலிருந்து கணக்கு முடிப்பது வரை

இந்து மாணவர் மன்றத்துக்குப் புதிதாகத் தெரிவான செயற்குழுவுக்காகவும், "இந்த வருசம் நீங்கதான் பொறுப்பு" என்று தலையில் கட்டிவிடப்பட்ட ஆசிரியருக்காகவும் இதை எழுதுகிறேன். வாணி விழா என்பது நவராத்திரி காலத்தில் சரஸ்வதிக்காகப் பாடசாலைகள் எடுக்கும் விழா. பம்பலப்பிட்டியிலோ கொட்டாஞ்சேனையிலோ உள்ள தமிழ்ப் பாடசாலை என்றால் வாணி விழா பாடசாலை முழுவதற்கும் சொந்தம். றோயல், டி. எஸ். சேனாநாயக்க, இசிபத்தன போலத் தமிழ்மொழிப் பிரிவும் சிங்களமொழிப் பிரிவும் ஒரே வளவுக்குள் இருக்கும் கல்லூரி என்றால் மண்டபமும் நேரமும் கேட்டு வாங்க வேண்டியவை. இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரியே சொல்லப் பார்க்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். செயற்குழுக்கள் பெரும்பாலும் மேடை நாளுக்காகவே ஓடுகின்றன. பிரதம விருந்தினர், பதாகை, அழைப்பிதழ், நடன உடுப்பு என்று இரண்டு மாதம் போய்விடும். அந்த ஒரு காலையில் மேடையேறுவது ஐம்பது அறுபது பேர். மிச்சப் பிள்ளைகள் கதிரையில் இருந்து கைதட்டிவிட்டு வகுப்புக்குப் போகிறார்கள். அதற்கு முன்னால் வருகிற காலைப் பூசைகளில்தான் எல்லோர் கையிலும் ஒரு வேலையைக் கொடுக்க இடம் இருக்கிறது. உங்கள் உழைப்பில் பாதிக்கு மேல் அங்கே போகட்டும்.

படி 1: திகதி

நவராத்திரி புரட்டாதி அமாவாசைக்கு அடுத்த நாள் தொடங்கும். ஆங்கிலத் திகதி ஆண்டுக்கு ஆண்டு நகரும். 2024இல் ஒக்டோபர் 3இல் தொடங்கியது, 2025இல் செப்டெம்பர் பிற்பகுதிக்கே வந்துவிட்டது. வாக்கிய பஞ்சாங்கத்துக்கும் திருக்கணித பஞ்சாங்கத்துக்கும் சில ஆண்டுகளில் ஒரு நாள் வித்தியாசம் வரும். உங்கள் பாடசாலைப் பிள்ளைகள் அதிகம் போகிற கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இதற்காக ஒரு கூட்டம் வைத்து வாதாடத் தேவையில்லை.

திகதி தெரிந்ததும் பாடசாலை நாட்காட்டியைப் பக்கத்தில் வையுங்கள். ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம். இரண்டுக்கும் மண்டபம் கேட்டு வேறு குழுக்கள் ஏற்கெனவே கடிதம் கொடுத்திருக்கும். விஜயதசமி முடிந்து சில நாளில் வப் போயா என்ற பௌர்ணமி விடுமுறை. 2024இலும் 2025இலும் உயர்தரப் பரீட்சை நவம்பரில் தொடங்கியதால் தரம் 13 பிள்ளைகள் அந்த நேரத்தில் புத்தகத்தைவிட்டுத் தலை நிமிர்த்த மாட்டார்கள், நிமிர்த்தவும் கூடாது. ஆகவே விழாவை நடத்துவது தரம் 12. அண்ணாமார் வந்து ஆலோசனை சொல்லலாம், கடலை சாப்பிடலாம், அவ்வளவுதான்.

ஒக்டோபரில் கொழும்பில் பின்னேர மழை இடியோடு வரும். மேடை நாளைக் காலையிலேயே வையுங்கள். மாலை நிகழ்ச்சி என்றால் காலி வீதி வாகன நெரிசலில் பாதிப் பெற்றோர் வந்து சேரும்போது நன்றியுரை போய்க்கொண்டிருக்கும், மற்றப் பாதி நனைந்துகொண்டு நிற்பார்கள்.

குருக்கள் வேண்டுமென்றால் இரண்டு மாதத்துக்கு முன்பே கேட்டுவையுங்கள். நவராத்திரி காலத்தில் மயூரபதி அம்மன் கோயில் தொடங்கி செட்டியார் தெருக் கோயில்கள் வரை எல்லா இடத்திலும் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் கேட்டால், மேடை நாளுக்கு மட்டும் குருக்களை அழைத்துக்கொண்டு காலைப் பூசைகளை ஆசிரியரும் மாணவரும் செய்வதே நல்லது என்பேன்.

படி 2: அதிபரின் ஒப்புதல்

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். பொறுப்பாசிரியர் ஒப்பமிட்டு, பகுதித் தலைவர் வழியாக அதிபரிடம் போகட்டும். அதிபருக்குத் தமிழ் வாசிக்க வராது என்றால் சிங்களப் பிரதியும் சேர்த்துக் கொடுங்கள். மொழிபெயர்க்கச் சிங்கள மொழிப்பாட ஆசிரியரைக் கேட்டால் அவரும் விழாவில் ஒரு ஆளாகிவிடுவார்.

சரஸ்வதியின் பெருமையைக் கடிதத்தில் விவரிக்க வேண்டாம். அதிபருக்குத் தெரிய வேண்டியது வேறு: எந்த நாட்கள், எந்த இடம், காலையில் எத்தனை நிமிடம், பாடவேளை குறையுமா, சமைப்பது எங்கே, அடுப்புப் பக்கத்தில் நிற்கிற பெரியவர் யார், பாடசாலை முடிந்து யார் எத்தனை மணி வரை நிற்பார்கள், யார் துடைப்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதுகிற குழுவை நான் அதிகம் பார்த்ததில்லை. அதிபரின் அறையில் நடக்கும் பேச்சு அநேகமாக இப்படித்தான் இருக்கும்:

"சேர், வாணி விழாக் கடிதம்."

"போன வருசம் மண்டபத் தரையெல்லாம் எண்ணெய். யார் துடைச்சது தெரியுமா?"

"தெரியாது சேர்."

"நம்மட கிளீனிங் அக்கா. அடுத்த நாள் விடிய வந்து."

"இந்த முறை விளக்குக்குக் கீழ தட்டு வைப்பம் சேர். கழுவுறதும் நாங்கதான். கடைசிப் பந்தியில எழுதியிருக்கு."

"வச்சிட்டுப் போ. பாக்கிறன்."

அந்தக் கடைசிப் பந்தி இருந்தால் கடிதம் அன்றைக்கே திரும்பி வரும்.

காசு விசயமும் இங்கேயே. அதிபரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் மாணவரிடம் ஒரு ரூபாயும் சேர்க்கக் கூடாது. அனுமதி கிடைத்தாலும் பொருளாகக் கேட்பது நல்லது: ஒரு வகுப்பு அரிசி, ஒரு வகுப்பு கடலை, ஒரு வகுப்பு தேங்காய், ஒரு வகுப்பு பூ. யார் எவ்வளவு கொண்டுவந்தார்கள் என்ற பட்டியலைச் சுவரில் ஒட்ட வேண்டாம். ஒரு பிடி மாவிலையோடு வருகிற பிள்ளையும் இருக்கும். அந்தப் பிள்ளை பத்துத் தேங்காய் கொண்டுவந்த பிள்ளைக்குப் பக்கத்தில் கூச்சமில்லாமல் நிற்க வேண்டும்.

படி 3: முதலில் வேலை, பிறகு பெயர்

குழுக்கள் வழக்கமாகச் செய்வது தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர், பத்திராதிபர் என்று பதவிகளை நிரப்பிவிட்டு, பிறகு யார் என்ன செய்வது என்று யோசிப்பது. நீங்கள் ஒரு கொப்பியை எடுத்து, காலை ஆறரை மணிக்குப் படலை திறப்பதிலிருந்து என்னென்ன நடக்க வேண்டும் என்று வேலைகளை மட்டும் எழுதுங்கள். திரி உருட்டுவது, விளக்குத் துலக்குவது, சந்தனம் குழைப்பது, பூக்கட்டுவது, கோலம், செருப்பு அடுக்குவது, வாசலில் பன்னீர் தெளிப்பது, தேவாரம், கரும்பலகையில் அன்றைய பூசை விவரம், ஒலிவாங்கி, கடலை கிண்ணத்தில் போடுவது, கிண்ணம் சேர்ப்பது, கழுவுவது. எழுதிப் பார்த்தால் ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து வேலை வந்துவிடும். அதன் பிறகு பெயர் போடுங்கள், ஒருவருக்கு ஒரு வேலைக்கு மேல் கொடுக்காமல்.

இதில் கொழும்புக்கே உரிய ஒரு வசதி இருக்கிறது. ஸ்கூல் வேனில் வருகிற பிள்ளைகள் பாடசாலை முடிந்து நிற்க முடியாது, வேன் மாமா காத்திருக்க மாட்டார். அதனால் ஒத்திகை, சோடனை, கூட்டம் எதிலும் அவர்களைக் காண முடியாது. நடந்தும் 100ஆம் இலக்க பஸ்ஸிலும் வருகிறவர்களே எல்லா மன்றங்களிலும் முன்னால் நிற்பதற்கு இது ஒரு காரணம். ஆனால் அதே வேன் இரண்டு மூன்று பாடசாலைக்குச் சுற்றுவதால் காலையில் அவர்களை வெள்ளனக் கொண்டுவந்து இறக்கிவிடும். ஏழரை மணி வரை சும்மா படியில் இருந்து கதைப்பார்கள். காலைப் பூசையின் ஆயத்த வேலை முழுவதையும் அவர்களுக்கே கொடுங்கள். விளக்குத் துலக்கவும் பூக்கட்டவும் அதைவிட நல்ல நேரம் இல்லை.

இன்னொரு கூட்டம், உயர்தரத்துக்காக மட்டக்களப்பு, ஹற்றன், வவுனியா, யாழ்ப்பாணம் என்று வேறு ஊர்களிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் சொந்தக்காரர் வீட்டிலோ அறையிலோ தங்கிப் படிக்கிற பிள்ளைகள். தரம் 6 முதல் ஒன்றாய் வளர்ந்த கூட்டத்துக்குள் அவர்கள் நுழைவது லேசில்லை. அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்: கும்பத்துக்கு நூல் சுற்றத் தெரிந்தவர், பண்ணோடு தேவாரம் பாடுகிறவர், மிருதங்கம் தட்டுகிறவர், குருத்தோலை பின்னுகிறவர் என்று ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். "உங்கட ஊர்ல இதை என்னண்டு செய்வீங்க?" என்று ஒரு கேள்வி போதும், புதுப் பிள்ளை ஆசிரியராகிவிடும்.

படி 4: காலைப் பூசைகள்

ஒன்பது நாளில் முதல் மூன்று துர்க்கைக்கு, நடு மூன்று இலக்குமிக்கு, கடைசி மூன்று சரஸ்வதிக்கு. பாடசாலையில் பூசை பாடசாலை நாட்களில்தான். ஒன்பது நாளுக்குள் வருகிற சனி ஞாயிறைக் கழித்தால் ஐந்து முதல் ஏழு நாள் மிஞ்சும். தரம் 6 தொடங்கி 13 வரை எட்டுத் தரங்கள். இங்கேதான் இணைப்பது வருகிறது: சின்ன வகுப்பையும் பெரிய வகுப்பையும் ஒரு நாளில் சேர்த்துவிடுங்கள். தரம் 6ஓடு 12, தரம் 7ஓடு 11, இப்படி. தரம் 13க்குத் தனி நாள் வேண்டாம், எந்த நாளிலும் வந்து நிற்கட்டும். ஒரே தரத்துக்கு ஒரு நாள் என்று கொடுத்தால் வகுப்புகளுக்குள் "எங்கட பூசைதான் நல்லம்" என்ற போட்டி வரும். கொஞ்சம் போட்டி நல்லதுதான், ஆனால் அது பிரசாதத்தின் விலையில் போய் முடியும்.

பூசை இருபது நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஏழரைக்குப் பாடசாலை தொடங்குகிறது என்றால் ஏழு ஐந்துக்கு விளக்கேற்றுங்கள். விளக்கு, பிள்ளையார் துதி, ஒரு தேவாரம், அன்றைய தேவிக்கு ஒரு பாட்டு, ஒரு மாணவரின் இரண்டு நிமிடப் பேச்சு, தீபம், விபூதி, சந்தனம், குங்குமம், பிரசாதம். பேச்சை எழுதி வாசிக்க விடலாம். மனனம் செய்து வந்து நடுவில் நின்றுபோகிற பிள்ளை அடுத்த ஆண்டு மேடைப்பக்கமே வராது.

சகலகலாவல்லி மாலையை எல்லோரும் சேர்ந்து பாடுவது இலங்கையில் நவராத்திரியின் உயிர். பத்துப் பாடல்கள். ஒரே நாளில் பத்தையும் பாடினால் சின்னவர்கள் நான்காம் பாட்டில் உதட்டை மட்டும் அசைப்பார்கள். நாளுக்கு இரண்டு என்று பிரித்தால் ஐந்தே நாளில் முடியும், மிஞ்சுகிற நாளில் முழுவதையும் பாடலாம். வரிகளைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள், குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு பாட வேண்டாம். குமரகுருபரர் இதைக் காசியில், அங்குள்ள ஆட்சியாளரோடு பேசுவதற்கு அவருடைய மொழி கைவர வேண்டும் என்று பாடினார் என்பது மரபு. காலையில் தமிழ், பத்து மணிக்குச் சிங்களம், பின்னேரம் டியூஷனில் ஆங்கிலம் என்று ஓடுகிற கொழும்புப் பிள்ளைக்கு இந்தக் கதை உடனே பிடிபடும். இரண்டு நிமிடப் பேச்சுக்கு நல்ல விசயம்.

கும்பம் வைப்பவர் ஒரு பெரியவராக இருக்கட்டும். அதன் பக்கத்தில் நவதானியம் முளைக்கவிடுங்கள். முதல் நாளுக்கு முந்திய நாள் தானியத்தை இரவு முழுக்க ஊறவிட்டு, மண் நிரப்பிய தட்டில் தூவி, தினமும் கொஞ்சம் தண்ணீர். பயறு இரண்டு மூன்று நாளில் தலைகாட்டும், நெல் மெதுவாகத்தான் வரும். சனி ஞாயிறில் தண்ணீர் ஊற்றுவது யார் என்று முன்பே பேசிவையுங்கள். காவலாளி ஐயாவிடம் கேட்டால் சந்தோசமாகச் செய்வார். அடுத்த திங்கள் அவர் பேர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

படி 5: கடலை

பிரசாதத்துக்கு அவல், சர்க்கரைப் பொங்கல், மோதகம் என்று பல இருந்தாலும், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாவது கொண்டைக்கடலைதான். ஒரு கிலோ காய்ந்த கடலை ஊறி அவிந்தால் இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வரும். ஒருவருக்கு 50 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 40 பேர். 400 பேருக்குப் பத்துக் கிலோ. இதற்கு மேல் வாங்குவது மிச்சத்தை என்ன செய்வது என்ற புதுப் பிரச்சினையை வாங்குவது.

ஊறவிடுவது குறைந்தது எட்டு மணித்தியாலம். கொழும்பு வெக்கையில் ஒரே தண்ணீரில் இரவு முழுக்கக் கிடந்தால் புளித்த மணம் வரும், படுக்கப் போகுமுன் ஒரு தடவை தண்ணீரை மாற்றுங்கள். கடலை உடையாமல் மெத்தென்று அவிந்த பிறகு உப்புப் போடுங்கள். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கடைசியில் தேங்காய்ப்பூ. தேங்காய்ப்பூ சேர்ந்த கடலை மத்தியானத்துக்கு மேல் நம்ப முடியாதது. பத்தரை இடைவேளைக்குள் கிண்ணங்கள் காலியாகிவிட வேண்டும். எட்டுக் கிலோ கடலையை மூடிய அண்டாவில் ஒரு மணி வரை வைத்திருந்து, பிரதம விருந்தினர் சாப்பிட்ட பிறகுதான் பிள்ளைகளுக்கு என்று சொன்ன ஒரு விழாவை நான் பார்த்திருக்கிறேன். அண்டாவைத் திறந்ததும் மணம் சொல்லிவிட்டது.

பாடசாலையில் சமைக்க அனுமதி இல்லை என்றால் இரண்டு மூன்று வீடுகளில் பிரித்து அவித்துக் கொண்டுவரலாம். பத்து வீடு என்றால் பத்து உப்பு. பிளாஸ்டிக் கிண்ணம் வேண்டாம், வாழையிலைத் துண்டு அல்லது கடதாசிக் கோப்பை. குழந்தைகளில் ஒவ்வாமை உள்ளவர் யார் என்று வகுப்பாசிரியரிடம் முன்பே கேட்டு எழுதிவையுங்கள்.

படைப்பதற்கு முன்பே ஒரு சட்டியில் கொஞ்சம் தனியே எடுத்து மூடிவைக்கச் சொல்வேன். பூசையில் படைத்ததைச் சாப்பிடாத வீட்டுப் பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருப்பார்கள். "இது படைக்காதது" என்று சாதாரணமாகச் சொல்லிக் கொடுத்தால் அவர்களும் சேர்ந்து நின்று சாப்பிடுவார்கள். கூச்சப்பட்டு ஓரமாய்ப் போக வேண்டி வராது.

படி 6: குருத்தோலை

சோடனைக்குப் புறக்கோட்டைக்குப் போய் ஜிகினாத் தாளும் பிளாஸ்டிக் மாலையும் அள்ளிக்கொண்டு வருவது சுலபம். இரண்டாம் குறுக்குத் தெருவில் நுழைந்தால் பொருளாளரின் கை தானாகத் திறந்துகொள்ளும். தென்னங்குருத்து அதைவிட மலிவு, அதைவிட அழகு, பிள்ளைகளின் கைக்கும் வேலை. கொழும்பு நகருக்குள் குருத்து வெட்டத் தென்னை தேடுவது கஷ்டம். வத்தளை, ஹெந்தளை, இரத்மலானைப் பக்கம் வீட்டுத் தோட்டம் உள்ள பெற்றோர் யாராவது இருப்பார்கள். இல்லையென்றால் மெனிங் சந்தை பேலியகொடைக்குப் போன பிறகு வாழைமரம், குருத்து எல்லாவற்றையும் ஒரே நடையில் அங்கே பார்க்கலாம். குருத்தை முதல் நாள் பின்னேரம் கொண்டுவந்து ஈரச் சாக்கில் சுற்றிவையுங்கள், விடிய மெத்தென்று இருக்கும்.

இப்போது அடுத்த கட்டடத்துச் சிங்களப் பிரிவுக்குப் போங்கள். தமிழர் தோரணத்துக்குப் பின்னுகிற அதே குருத்தோலையில் அவர்கள் கொக்கொலச் சோடனை செய்கிறார்கள். பௌத்தர் பிரித் ஓதுகிற மண்டபம் கட்டிப் பழகிய பிள்ளைகள், நறுக்கும் மடிப்பும் கையில் ஊறியது. பௌத்த மாணவர் சங்கத்தின் பொறுப்பாசிரியரிடம் போய், எங்களுக்கு மேடை முகப்புச் செய்து தர நாலு பேரைத் தருவீர்களா என்று கேளுங்கள். நாலு கேட்டால் பத்து வரும். சும்மா உதவி என்று கேட்காமல் மேடை முகப்பை முழுவதுமாக அவர்கள் பொறுப்பில் விடுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் மாவிலைத் தோரணமும் வாசலும் பார்க்கட்டும்.

ஒரு பிள்ளை ஓலையை நடுவில் கீறி, விரலில் சுற்றி, இன்னொரு மடிப்புக்குள் செருகி இழுத்தால் ஒரு பூ வரும். பக்கத்தில் இருந்து பார்க்கிற தமிழ்ப் பையன் அதே ஓலையில் தன் அம்மம்மா காட்டிய கிளியைச் செய்வான். பிறகு இரண்டு பேரும் மாறி மாறிக் கற்றுக்கொள்வார்கள், "மச்சான், ஆயெத் பென்னன்ன" (திரும்பக் காட்டு) என்று ஒருவன் கேட்க, "இங்க பார், இப்பிடி" என்று மற்றவன் காட்ட. சகவாழ்வு பற்றி நடக்கும் செயலமர்வுகளில் தேநீர் இடைவேளைக்காகக் காத்திருக்கிற அதே பிள்ளைகள்தான் இவர்கள். அடுத்த வெசாக்குக்கு அவர்கள் தன்சல் (இலவச உணவுப் பந்தல்) போடும்போது உங்கள் மன்றம் கிளாஸ் கழுவப் போக வேண்டும், அதையும் இப்போதே கொப்பியில் எழுதிவையுங்கள்.

கொலு வைப்பது தமிழ்நாட்டு வழக்கம் அளவுக்கு இங்கே எல்லா வீட்டிலும் இல்லை. வைக்க ஆசை என்றால் மூன்று படி போதும், பொம்மைகளை வீடுகளிலிருந்து இரவல் வாங்கி, ஒவ்வொன்றின் அடியிலும் பெயர்த் துண்டு ஒட்டுங்கள்.

படி 7: மற்றச் சமயப் பிள்ளைகள்

குருத்தோலை ஒரு வழி. முஸ்லிம், கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அறிவிப்பு, ஒளி, நிகழ்ச்சி நிரல் அச்சு, படம் எடுப்பது என்று எத்தனையோ வேலை உண்டு. யாரையும் விழுந்து கும்பிடச் சொல்லவோ விபூதி பூசவோ வேண்டாம். தட்டை நீட்டாமல் மேசையில் வைத்துவிட்டால் விரும்பியவர் எடுப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் ஒத்திகை வைக்காதீர்கள். வைத்துவிட்டு அவர்கள் வரவில்லை என்று குறை சொல்வது நான் நேரில் கேட்ட அபத்தம். டிசெம்பரில் கிறிஸ்தவ மாணவரின் ஒளி விழா வரும்போது மன்றத்தின் குத்துவிளக்கையும் பாடகர்களையும் கேட்காமலே கொடுங்கள்.

படி 8: சரஸ்வதி பூசை நாள்

ஒன்பதாம் நாள் புத்தகங்கள் பூசையில் இருக்கும். அன்றைக்கு வீட்டுப்பாடம் செய்யக் கூடாது என்று சாஸ்திரம் பேசுகிற பிள்ளை எல்லா வகுப்பிலும் ஒன்று உண்டு, ரசியுங்கள்.

புத்தகத்தோடு நின்றுவிடாமல் பாடசாலை எதனால் ஓடுகிறதோ எல்லாவற்றையும் பூசைக்குக் கொண்டுவாருங்கள். கிரிக்கெட் அணியின் மட்டை, பாண்ட் குழுவின் மேளம், ஆய்வுகூடத்தின் நுணுக்குக்காட்டி, நூலகத்தின் முத்திரை, சிற்றுண்டிச்சாலை மாமாவின் அகப்பை, கிளீனிங் அக்காவின் விளக்குமாறு, வேன் மாமாக்களின் சாவி. அந்தந்தப் பொருளை அந்தந்த ஆளே கொண்டுவந்து வைக்க வேண்டும், குழு போய் எடுத்துவரக் கூடாது. வேன் மாமாமாரை ஏழு மணிக்கு உள்ளே அழைக்கக் காவலறைக்கு முதல் நாளே சொல்லிவையுங்கள்.

பாடசாலையில் ஆரம்பப் பிரிவும் இருந்தால் விஜயதசமியன்று ஏடு தொடக்கலுக்கு ஒரு தட்டில் பச்சரிசி வைத்து, மூத்த ஆசிரியர் ஒருவரை இருத்துங்கள். வரிசை, அழுகை, படம் எடுக்கும் அம்மாமார் எல்லாவற்றுக்கும் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

படி 9: மேடை நாள்

எட்டு மணிக்குத் தொடங்கி பத்தரைக்கு முடியட்டும். மங்கள விளக்கேற்றல், தேசிய கீதம், பாடசாலைக் கீதம், தேவாரம், வரவேற்பு நடனம், உரைகள், நிகழ்ச்சிகள், பரிசு, நன்றியுரை. உரைகள் எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பிரதம விருந்தினராக ஓய்வுபெறப் போகிற உங்கள் பாடசாலை ஆசிரியர் ஒருவரையோ, இருபது வருடம் ஆய்வுகூடத்தில் இருந்த உதவியாளரையோ அழைத்துப் பாருங்கள். மண்டபம் எழுந்து நிற்கும். அரசியல்வாதி வந்தால் தாமதமும் சேர்ந்து வரும்.

தனி நடனம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். வில்லுப்பாட்டு, நாடகம், பட்டிமன்றம், கூட்டுப்பாட்டு என்று பலர் சேர்ந்து நிற்பதற்கே இடம் கொடுங்கள். வில்லுப்பாட்டுக்கு "ஆமா" போடவே எட்டுப் பேரை வைக்கலாம். ஒத்திகையைப் பாடசாலை முடிந்து மூன்று மணி வரை இரண்டு கிழமை வைத்தால் போதும்.

விளக்கேற்றி முடிந்ததும் குத்துவிளக்கை மேடையின் ஓரத்துக்கு, தட்டோடு, திரையிலிருந்து ஒரு பாகம் (இரு கையையும் விரித்த நீளம்) தள்ளிவையுங்கள். மேடையில் ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தாலும் வெறுங்காலோடு ஆடுகிற பிள்ளைக்குத் தட்டடவில் கால் வழுக்கும். விளக்கேற்றல் முடிந்த அடுத்த நிமிடம், துணியோடும் கொஞ்சம் கடலை மாவோடும் இருவர் ஓடிப்போய்த் தரையைத் துடைக்க வேண்டும். மாவைத் தூவி உரசித் துடைத்தால் எண்ணெய் ஏறிவரும், ஈரத் துணியால் மட்டும் துடைத்தால் பரவும். இதற்கு இருவரைப் பெயர் குறித்துப் போடுங்கள். "யாராவது துடைப்பார்கள்" என்றால் யாரும் துடைக்க மாட்டார்கள். கற்பூரம் மேடைக்கு வெளியே. வாளியில் மணல் ஒன்று பக்கத்தில்.

நன்றியுரையில் அனுசரணை தந்த கடைகளின் பெயருக்கு முன் திரி உருட்டிய தரம் 6 பிள்ளைகளின் வகுப்புப் பெயரைச் சொல்லுங்கள்.

படி 10: முடிப்பது

சோடனை அன்றைக்கே கழற்றப்பட வேண்டும். வாடிய பூவையும் ஓலையையும் பொலித்தீன் பையில் கட்டி வெள்ளவத்தைக் கால்வாயில் எறிகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாடசாலைத் தோட்டத்தில் ஒரு குழி வெட்டிப் போடுங்கள், நவதானிய முளையும் அங்கேயே போகட்டும். இரவல் வாங்கிய விளக்கு, பன்னீர்ச் செம்பு, பொம்மை, அண்டா எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, வாங்கியவரே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கணக்கை ஒரு கிழமைக்குள் பொறுப்பாசிரியரின் ஒப்பத்தோடு அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். வரவு, செலவு, மிச்சம், அவ்வளவுதான். பற்றுச்சீட்டு இல்லாத செலவு ஒன்றிரண்டு இருக்கும், ஓட்டோவுக்குக் கொடுத்தது போல. அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

பிறகு ஒரு கோப்பு. கடிதத்தின் பிரதி, வேலைப் பட்டியல், கடலைக் கணக்கு, ஒலிபெருக்கிக்காரரின் தொலைபேசி இலக்கம், எந்த வீட்டில் குருத்தோலை கிடைத்தது என்ற விவரம். கடைசித் தாளில், இந்த ஆண்டு ஒரு வேலை கேட்டும் கொடுக்க முடியாமல் போன பிள்ளைகளின் பெயரும் வகுப்பும். அடுத்த செயற்குழு கொப்பியைத் திறந்து வேலைகளை எழுதி முடித்ததும் முதலில் நிரப்ப வேண்டியது அந்தப் பெயர்களைத்தான்.